எரிந்த அல்பத்துக்குப் பிறகு: கொழும்புப் படங்களில் ஓர் அம்மப்பாவைத் தேடிய விவரம்

தேடப்பட்டவர் 1930களின் நடுவில் இறந்துபோன ஒரு ரெயில்வே கிளாக்கர். தேடியவர் அவருடைய மகள் வழிப் பேத்தி, வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆசிரியையின் அம்மா 1932இல் பிறந்தவர். மூன்று வயது முடிவதற்குள் தகப்பனை இழந்தவர். அம்மாவுக்குத் தகப்பனைத் தெரிந்ததெல்லாம் அல்பத்தில் இருந்த ஒரே ஒரு ஸ்டூடியோப் படத்தில்தான். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபோது அந்த அல்பமும் போயிற்று. ஆசிரியைக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் படத்தில் அவருக்கு ஞாபகம் இருப்பது சித்திரவேலை செய்த நாற்காலியும் அதன்மேல் வைத்திருந்த கையும்தான். முகம் ஞாபகம் இல்லை. எப்போதும் அலுமாரிக்குள் இருக்கும் என்று நம்புகிற படத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

கொழும்பில் இப்படியான தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 'எல்லாம் எரிஞ்சு போச்சு, இனி எங்க தேடுறது' என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன, எத்தனை பேர் கைக்குப் போயின என்று யோசித்தால் அப்படி முடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்கு இந்தத் தேடல் ஓர் உதாரணம். குடும்பம் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

தொடங்கும்போது கையில் இருந்தவை கொஞ்சம். பெயர், அதன் முன்னால் ஒரு முதலெழுத்து, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சொந்த ஊர். அப்புறம் 1979இல் காலமான அம்மம்மா அடிக்கடி சொன்ன மூன்று வாக்கியங்கள்: 'ரெயில்வேயில் வேலை. கொட்டாஞ்சேனையில் இருந்தவர். கொழும்பில் காய்ச்சல் வந்து மோசம் போயிட்டார்.' இதில் இரண்டு சரி. மூன்றாவது எங்களைக் கொஞ்சம் அலைக்கழித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மம்மாவுக்கே 1970கள் வரை படம் கிடையாது. 1972இல் தேசிய அடையாள அட்டை வரத் தொடங்கிய பிறகுதான் ஊரில் பல கிழவிகள் முதல் தடவையாகக் கமராவின் முன் உட்கார்ந்தார்கள். பழைய படச் சேகரிப்புகளில் பெண்களைத் தேடுவது தனிப் பாடு. இந்தத் தேடல் ஓரளவு சுலபமானதற்குக் காரணம், தேடப்பட்டவர் ஆண், அதுவும் அரசாங்க உத்தியோகத்தர் என்பதுதான்.

அழகான படங்கள், பெயரில்லாத மனிதர்கள்

பழைய கொழும்புப் படம் என்றதும் எல்லோரும் முதலில் போவது பெரிய கம்பனிகளின் படங்களுக்கு. 1860களில் தொடங்கிய ஸ்கீன், 1870களில் கண்டியில் தொடங்கிப் பிறகு கொழும்பிலும் தொழில் செய்த ஸ்கவன், 1890இல் வந்த பிளாட்டே என்று ஒரு வரிசை உண்டு. அவர்களின் படங்கள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ரோயல் கொமன்வெல்த் சங்கச் சேகரிப்பிலும், பிரித்தானிய நூலகத்திலும், தபால் அட்டை சேர்ப்பவர்களிடமும் ஏராளமாகக் கிடக்கின்றன. கணினியிலேயே நிறையப் பார்க்கலாம்.

பார்க்கப் பார்க்க அலுக்காது, ஆனால் குடும்பம் தேடுகிறவருக்கு அவற்றில் ஆள் கிடைக்காது. கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரருக்கு விற்பதற்காக எடுத்த படங்கள் அவை. துறைமுகம், தேயிலைத் தோட்டம், யானை, தென்னை. மனிதர் வந்தால் 'தமிழ்ப் பெண்', 'செட்டி', 'கூலியாள்' என்று வகைப் பெயரோடு வருவார். சொந்தப் பெயர் இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்கவனின் நெகட்டிவ்கள் 1890களில் கொழும்பு அப்போதிக்கரிஸ் கம்பனிக்குக் கைமாறின. அதனால் ஒரே படம் இரண்டு கம்பனிகளின் பெயரில், இரண்டு காலத்தில் விற்கப்பட்டிருக்கும். அட்டையில் உள்ள முத்திரைத் திகதி விற்ற காலத்தைக் காட்டும், எடுத்த காலத்தை அல்ல.

பெயரோடு முகம் வேண்டுமென்றால் 1907இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெருந்தொகுதி இருக்கிறது. அதில் வியாபாரிகள், முதலிமார், சட்டத்தரணிகள், அவர்களின் வீடுகள், பிள்ளைகள்கூடப் படத்தோடு வருகிறார்கள். உங்கள் பூட்டனார் புறக்கோட்டையில் பெரிய கடை வைத்திருந்தாலோ புதுக்கடை நீதிமன்றத்தில் பெயரெடுத்தவராக இருந்தாலோ முதலில் அதைப் புரட்டுங்கள். மாதச் சம்பளத்தில் அறை வாடகை கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்பிய கிளாக்கருக்கு அதில் இடமில்லை.

அதற்காகப் பெரிய சேகரிப்புகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவை பின்னணிக்கு உதவும். நம் கையில் ஒரு குடும்பப் படம் வந்த பிறகு, அதில் ஆட்களுக்குப் பின்னால் தெரியும் தூண், மணிக்கூட்டுக் கோபுரம், டிராம் கம்பி எல்லாவற்றுக்கும் காலம் சொல்ல அந்த அட்டைகள் வேண்டும். கொழும்பில் மின்சார டிராம் 1899இல் வந்து 1960இல் நின்றது. கார்கில்ஸ் கட்டடம் 1906. புறக்கோட்டை கான் மணிக்கூடு 1923. கறுவாத்தோட்டத்து நகர மண்டபம் 1928. இப்படி நாலைந்து ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் தெருவில் எடுத்த எந்தப் படத்தையும் ஓரளவு அடைத்துவிடலாம்.

ஒரு படம், இருபது வீடு

இந்தத் தேடலின் மையம் ஒரு சாதாரண விஷயம். குழுப்படம் ஒரு பிரதியோடு நிற்பதில்லை. இருபது பேர் நின்றால் இருபது பிரதி போகும், சங்கத்துச் சுவரில் ஒன்று மாட்டுவார்கள், ஸ்டூடியோக்காரர் கண்ணாடி நெகட்டிவை வைத்துக்கொள்வார். வெள்ளவத்தையில் எரிந்தது ஒரு வீட்டு அல்பம் மட்டும்தான். எனவே அம்மப்பாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவரோடு வரிசையில் நின்றிருக்கக்கூடியவர்களைத் தேடத் தொடங்கினோம்.

அவர்கள் யார்? யாழ்ப்பாணத்துக்கு ரெயில் பாதை 1905இல் முழுதாக வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இங்கிலீசு படித்த பையன்கள் கொழும்புக் கந்தோர்களுக்கு வருவது பெருகியது. கலியாணமாகாதவர்களும், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து இருந்தார்கள். சம்மரி என்பார்கள். அநேகமாக ஒரே ஊர்க்காரர். அந்த ஊர்க்காரர்களே கொழும்பில் ஊர்ச் சங்கம் நடத்தினார்கள். வருடாந்தக் கூட்டம் முடிந்ததும் கோட்டும் சால்வையுமாக வரிசையில் இருந்து படம் எடுப்பது சடங்கு மாதிரி.

எனவே ஊருக்குப் போன் போட்டு வயது முதிர்ந்த சிலரிடம் விசாரித்தோம். கேட்டது அம்மப்பாவைப் பற்றியல்ல. 1930 வாக்கில் கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஊரவர் யார் யார் என்று. அப்படிக் கேட்டால் பதில் வரும். 'உங்கட பேரனைத் தெரியாது, ஆனா அவற்ற காலத்தில இன்னார் இருந்தவர், இன்னாரின்ர தமையனும் இருந்தவர்' என்று பெயர்கள் கொட்டின.

பிறகு அந்தப் பெயர்களுக்கு உரிய கல்வெட்டுகளைத் தேடினோம். வெளியூர் வாசகருக்காக: யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, அவர் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம்தான் கல்வெட்டு. நினைவு மலர் என்றும் சொல்வார்கள். தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, பல வீடுகளில் வம்சாவளியும் இருக்கும். காசு உள்ளவர்கள் படங்களும் போடுவார்கள். குடும்ப வரலாறு தேடும் இலங்கைத் தமிழருக்கு இதைவிட நல்ல ஆவணம் வேறு இல்லை என்றே சொல்வேன். ஆனால் மற்றவர் வீட்டுக் கல்வெட்டை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்படியான மலர்கள் பல ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பு அருங்காட்சியக நூலகமும் ஒரு வழி. நாட்டில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அங்கே போக வேண்டும். எல்லாச் சிறிய அச்சகமும் ஒழுங்காக அனுப்பியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சங்க ஆண்டு மலர்கள் சில அப்படித் தப்பியிருக்கின்றன.

எங்களுக்குக் கிடைத்தது 1964இல் காலமான ஒருவரின் கல்வெட்டு. அவர் ஊர்ச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். உள்ளே ஒரு பக்கம் முழுக்கக் குழுப்படம், 1931–32. கீழே இங்கிலீசில் நாலு வரி: இருப்பவர்கள், நிற்பவர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசியில் பொடி எழுத்தில் 'சமுகமளிக்காதவர்கள்'.

அம்மப்பாவின் பெயர் அந்தக் கடைசி வரியில் இருந்தது.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சிரித்துவிட்டார். 'அம்மம்மா சொன்னது சரிதான், ஆள் ஒருநாளும் வீட்டில நிக்கமாட்டாராம்.'

ஆனால் தேடுகிறவருக்கு அந்த வரி வெறுங்கையல்ல. அந்த ஆண்டு அவர் சங்க உறுப்பினர், உயிரோடு இருந்தார், ஆனால் அன்று கொழும்பில் இல்லை. இதிலிருந்து இரண்டு கேள்வி: வேறு ஆண்டுப் படங்களில் இருக்கிறாரா? அன்று ஏன் வரவில்லை?

மேல்பை எந்தப் பக்கம்

முதல் கேள்விக்குச் செயலாளரின் குடும்பத்திடம் போனோம். அச்சில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும், முகம் தெளியாது. மூலப்படம் வேண்டும். ஊர் வீடு இடப்பெயர்வுகளில் வெறுமையாகிவிட்டது. தெஹிவளையில் இருந்த கடைசி மகனிடம் மட்டும் ஓர் அல்பம் மிஞ்சியிருந்தது. அதில் 1931–32 படம் இல்லை. அதே சங்கத்தின் வேறொரு குழுப்படம் இருந்தது, ஆண்டு எழுதாமல். மூலப்படத்தின் நெகட்டிவிலிருந்து 1970களில் மறுபடி போட்ட பிரதி அது.

பிளாஸ்டிக் தாள் மூடிய, பசை தடவிய பக்கங்கள் கொண்ட அல்பம். எழுபது எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் இருந்ததே, அதேதான். கொழும்பின் ஈரக்காற்றில் பசை மஞ்சளாகிப் படத்தை இறுக்கிப் பிடித்துவிடும். நகத்தால் கிளப்பினால் மேல்தோல் உரிந்து வரும். மெல்லிய பல்நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, மெதுவாக இழுத்து அறுத்துப் பிரித்தோம். பிரிப்பதற்கு முன்பே முழுப்பக்கத்தையும் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டோம், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பது பிறகு தெரிய வேண்டுமே.

பின்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் தமிழில் பெயர்கள், 'இடமிருந்து வலம்' என்ற தலைப்போடு. மூலப்படத்தின் அட்டையைப் பார்த்து எழுதியதாக மகன் சொன்னார். பேனா அழுத்தியதில் எழுத்துகள் முன்பக்கத்துக்கும் புடைத்திருந்தன. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒருவரின் வேட்டியில் இன்னொருவரின் பெயர் தெரிந்தது. பழைய படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சில்தான், அதுவும் ஓரத்தில்.

இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது அம்மப்பா. பார்த்தால் மீசை வைத்த, நல்ல பருமனான ஆள். வட்ஸ்அப்பில் படம் ரொறொன்ரோவுக்குப் பறந்தது. அங்கிருந்த ஒன்றுவிட்ட தமையன் அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அடுத்து வந்த திவசத்தில் மாலையும் போட்டுவிட்டார்.

எங்களுக்கு நெருடியது வேறு இடம். பெயர்ப் பட்டியலின்படி செயலாளர் இருக்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர் செயலாளர் மாதிரியே இல்லை. அவருடைய முகம்தான் கல்வெட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கிறதே. மகனிடம் கேட்டால், 'அப்பா அந்தக் காலத்தில மெலிவு பிள்ளை, அதான் தெரியேல்லை' என்றார். மெலிந்தால் முகம் ஒடுங்கும், காது மாறாது. அந்த ஆளின் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கல்வெட்டுப் படத்தில் தொங்கும் மடல்.

பிறகு கோட்டுகளைப் பார்த்தோம். ஆண்களின் கோட்டில் மேல்பை இடது மார்பில் இருக்கும். படத்தில் கோட் போட்ட அத்தனை பேருக்கும் அது வலது மார்பில் இருந்தது. ஒருவர் மணிக்கூட்டை வலக்கையில் கட்டியிருந்தால் இடக்கைக்காரர் என்று விடலாம். சங்கமே ஒரே மாதிரிக் கோட் தைத்திருக்காது. 1970களில் பிரதி போட்டவர் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் போட்டிருக்கிறார். படம் வலம் இடமாகிவிட்டது. பின்னால் எழுதிய பெயர்கள் மூலப்படத்தின் ஒழுங்கில் இருக்கின்றன. நடுவில் இருந்த தலைவர் மட்டும் தப்பினார், மற்ற எல்லோரும் பெயர் மாறி நின்றார்கள்.

கணினியில் திருப்பிப் போட்டதும் செயலாளர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் வரிசை மூன்றாமவர் இப்போது ஒல்லியான, நெற்றி அகன்ற இளைஞர். மாலை வாங்கிய பருமனானவர் அயலூர்க்காரர் ஒருவருடைய பூட்டனார் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், பெரிதாக்கிய படம் சும்மா கிடைத்ததல்லவா.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் உதவின. குழுப்படத்தில் தலைவர் நடுவில், செயலாளரும் பொருளாளரும் இரு பக்கத்திலும் இருப்பது வழக்கம். அந்த மூவரும் ஒன்றாகப் பதவி வகித்தது 1929–30இல் மட்டும். இடத்துக்குப் பின்னணி போதுமாக இருந்தது. பின்னால் தெரிந்த செதுக்குக் கருங்கல் தூண்களைப் பழைய தபால் அட்டைகளோடு ஒப்பிட்டதில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் என்று தெரிந்தது. பொன்னம்பல முதலியார் 1856இல் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டினார், அந்தத் தூண்கள்தான். கொட்டாஞ்சேனையில் இருந்தவர்களுக்கு நடை தூரம்.

ஏன் வரவில்லை

இரண்டாவது கேள்விக்குப் பதிலும் ஆண்டறிக்கையிலேயே இருந்தது. 1931–32 அறிக்கையில், பொல்காவலைக்கு மாற்றலாகிப் போன உறுப்பினருக்குச் சங்கம் வாழ்த்துச் சொல்லியிருந்தது. பொல்காவலை என்றால் பிரதான பாதையிலிருந்து வடக்குப் பாதை பிரியும் சந்தி. ஊருக்குப் போகிற ஒவ்வொரு மெயிலும் அதைத் தாண்டித்தான் போகும்.

இங்கே அம்மம்மாவின் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். 'கொழும்பில் காய்ச்சல்' என்றதை நம்பி, கொழும்புப் பிரிவுகளின் இறப்புப் பதிவுகளில் குடும்பம் ஏற்கெனவே தேடிப் பார்த்து, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருந்தது. வடமராட்சிக் கிழவிகளுக்கு, குடாநாட்டின் வாசலான ஆனையிறவுக்கு அப்பால் இருப்பதெல்லாம் கொழும்புதான். இலங்கையில் மரணம் நிகழ்ந்த இடத்துப் பதிவாளர்தான் அதைப் பதிவார், சொந்த ஊர்ப் பதிவாளரோ வேலை ஊர்ப் பதிவாளரோ அல்ல.

பொல்காவலை என்று தெரிந்ததும் காய்ச்சல் எது என்பதும் தெரிந்துவிட்டது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகி, அந்த ஆண்டின் கடைசியில் மலேரியா வெடித்தது. கேகாலை, குருநாகல் பக்கம்தான் மிக மோசம். 1935இன் முற்பகுதிக்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். பொல்காவலை அந்த வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது.

குருநாகல் மாவட்டப் பதிவில் கேட்டபோது 1935 ஜனவரியில் ஒரு பதிவு கிடைத்தது. பெயர், வயது, ரெயில்வே எழுதுவினைஞர், மரண காரணம் மலேரியா. தகப்பன் பெயரும் இருந்தது. எங்களுக்கு மிக வேண்டியது அதுதான். ஏனென்றால் அதே காலத்து அரசாங்க வர்த்தமானியில் நியமனங்களையும் மாற்றங்களையும் பார்த்தபோது, ரெயில்வேயில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், இருவருக்கு முதலெழுத்தும் ஒன்று. முதலெழுத்து தகப்பன் பெயரைக் குறிப்பது என்பதால் பாதித் தூரம் கொண்டுபோகும். ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கும் தகப்பன்மார் யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆயிரம்! முழுப்பெயர் வந்த பிறகுதான் மற்றவர் விலகினார். ஊரில் உள்ள பழைய காணி உறுதி ஒன்றில் அதே தகப்பன் பெயர் இருந்தது.

இனி மூன்றாவது படம். பொல்காவலை ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களைத் தேடுவது என்றால் ஐரோப்பியர் வழிவந்த இலங்கையரான பறங்கியரை விட முடியாது. ரெயில்வேயில் அவர்கள் நிறையப் பேர். குடும்ப வரலாற்றில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரரும்கூட. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டு வைத்திருக்கிறது. சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்த 1956க்குப் பிறகு பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அல்பங்களையும் கட்டிக்கொண்டு போனார்கள். அவை எரியவில்லை.

பழைய ரெயில்வே படங்கள் சேர்க்கும் ஒருவர் மூலம், மெல்பேர்னில் இருக்கும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் பேரனைப் பிடித்தோம். அவர் அனுப்பியதில் ஒன்று, பிளாட்போமில் ஏழு பேர் நிற்கும் படம். பெயர்ப்பலகையின் பாதி தெரிகிறது. பின்பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பும்படி கேட்டிருந்தோம். பென்சிலில் 1933 என்றும், ஒவ்வொருவரின் பெயரும் வேலையும் எழுதியிருந்தது. கடைசியில் நிற்பவர் ஒல்லி, அகன்ற நெற்றி, தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார். அதே பெயர், அதே முதலெழுத்து. மேல்பை இடப்பக்கம்.

இன்னொன்று: மரணத்தை அறிவித்தவர் என்று பதிவில் இருந்த பெயரும் அந்தப் பென்சில் பட்டியலில் இருந்தது. படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர். குடும்பம் இல்லாத இடத்தில் செத்தவருக்காகப் பதிவாளரிடம் போனவர் அவர்தான்.

எவ்வளவு உறுதி

மூன்றாவது படத்தில் இருப்பவர் பொல்காவலையில் இறந்த கிளாக்கர்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இறந்தவர் ஆசிரியையின் அம்மப்பா என்பதற்குத் தகப்பன் பெயர், ஊர், அம்மாவின் பிறப்புப் பதிவு மூன்றும் சேர்ந்து வருகின்றன. கோயில் படத்து இளைஞரும் இவரும் ஒரே ஆள் என்பது மிகவும் சாத்தியம் என்ற அளவில்தான் நிற்கிறது. காது, நெற்றி, தோள் சரிவு ஒத்துப்போகின்றன, பெயரும் ஒத்துப்போகிறது. ஆனால் கோயில் படத்தின் பெயர் வரிசை, புரட்டிப்போட்ட பிரதியின் பின்னால் ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவர் கையால் எழுதியது. அதன் மூலப்படத்து அச்சட்டையைக் கண்ணால் காணும்வரை அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ரொறொன்ரோத் தமையன் இதற்கிடையில் கைபேசிச் செயலி ஒன்றில் ஸ்டேஷன் படத்தைப் போட்டுத் தெளிவாக்கி அனுப்பினார். வண்ணம் வந்திருந்தது, கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிந்தது. பழைய படத்தில் அந்த முகம் சுண்டுவிரல் நகமளவு. அதில் இல்லாத இமையைச் செயலி எங்கிருந்து எடுக்கும்? ஆயிரம் பேரின் முகத்தைப் பார்த்துப் பழகிய இயந்திரம் ஒரு முகத்தைக் கற்பனை செய்து ஒட்டுகிறது. வீட்டில் மாட்ட ஆசையென்றால் மாட்டட்டும். ஆனால் காது ஒப்பிட, ஆள் அடையாளம் காண, அந்தப் படத்தைக் கிட்டவும் எடுக்கக்கூடாது. இரண்டு தலைமுறை கழித்து அதையே மூலப்படம் என்று ஒருவர் நினைக்கப்போகிறார் என்பதுதான் என் கவலை.

எல்லாப் படங்களையும் 600 புள்ளி அடர்த்தியில், இருபக்கமும், சுருக்காத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். வட்ஸ்அப்பில் போன பிரதிகள் சுருங்கிப்போகும் என்பதால் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: யாரிடம் இருந்தது, எப்போது ஸ்கேன் செய்தது, பின்னால் என்ன எழுதியிருந்தது, திருப்பியதா இல்லையா. தெஹிவளை மகனும் மெல்பேர்ன் பேரனும் சம்மதித்த பிறகே பிரதிகளை மற்றவர்களுக்குக் கொடுத்தோம்.

கோயில் படத்தில் இருப்பவர்களில் ஆறு பேருக்குப் பின்னால் வாரிசு யாரென்று இன்னும் பிடிபடவில்லை. மூலப்படம் அந்த ஆறு வீடுகளில் ஒன்றில் இருக்கலாம் என்பதால், ஊர்ச் சங்கத்தின் இப்போதைய செயலாளர் படத்தைத் திருப்பிய நிலையில் அச்சடித்து, பெயர்களோடு கொழும்பு, யாழ்ப்பாணம், லண்டன் கிளைகளுக்கு அனுப்பியிருக்கிறார். லண்டனிலிருந்து ஒருவர் தன்னுடைய பாட்டனாரை அடையாளம் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் சட்டம் போட்ட குழுப்படத்தைக் கழற்றாமல், கண்ணாடியோடேயே முதலில் படம் எடுத்து அனுப்பும்படி சொல்லியிருக்கிறோம்.